ஆம்ப்ளிஃபையருக்கு இடம் தேர்தல்

1932-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மோட்டார் பிரயாணத்தைப் பற்றிய இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஆகஸ்ட் மாதத்தில், கொலோன் நகரத்திலிருந்து பான் நகரத்திற்குக் குறுக்குச் சாலை ஒன்றுமின்றி மோட்டார் வண்டிகளுக்கென்றே போடப்பட்ட பெருஞ்சாலையை, அப்போது கொலோன் மேயராக இருந்த கான்ராட் ஆடனௌவர் திறந்துவைத்தார். அதே வருஷத்தில், பிற்காலத்தில் ப்ளௌபுங்க்ட் என்று உலகம் அறிந்த கம்பெனி, ‘ஆட்டோசூப்பர் ஏ.எஸ். 5’ என்னும் வானொலிப் பெட்டியை வெளியிட்டது. ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த முதல் கார் வானொலி அதுவே என்பார்கள். அதன் விலை 365 ரைஷ்மார்க். அதாவது, ஒரு சிறிய காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதன் கன அளவோ ஏறக்குறைய 10 லிட்டர். அத்தனை பெரிய பெட்டிக்கு ஓட்டுநருக்கு எதிரே உள்ள கருவிப் பலகையில் இடம் ஏது? ஆகையால் பெட்டியை வேறிடத்தில் வைத்துவிட்டு, நிலையம் மாற்றுவதற்கும் சப்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கும் உரிய விசையை மட்டும் ஸ்டியரிங் தண்டின்மேல் பொருத்தினார்கள். காரில் சங்கீதம் கேட்கும் ஆசை தோன்றிய அன்றே, கேட்பிக்கும் யந்திரத்தை எங்கே வைப்பது என்ற கவலையும் கூடவே தோன்றிவிட்டது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் கடந்த பிறகும் அந்தக் கவலை தீர்ந்தபாடில்லை. ரேடியோ சிறுத்துப்போய், கருவிப் பலகையில் 182 மி.மீ. அகலமும் 53 மி.மீ. உயரமும் உள்ள ஒரு துவாரத்திற்குள் அடங்கிவிட்டது. ஜெர்மானியர் வகுத்த அந்த அளவே பின்னர் உலகத்திற்கும் பொது அளவாயிற்று. இப்போது அந்தத் துவாரமும் மறைந்து, அகன்ற திரை ஒன்று அங்கே குடியேறியிருக்கிறது. ஆனால் நல்ல ஒலியை விரும்புகிறவர் தனியாக வாங்கி வைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும், வண்டியைச் செய்தவர் எவரும் இடம் ஒதுக்கி வைப்பதில்லை. அதை நாமாகத்தான் தேடியாக வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் வாட் கணக்கைப் பார்த்து மயங்கி, ஒரு முழ நீளமுள்ள பெட்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே, அதை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். முதலில் இடத்தைத் தேர்ந்து, அதன் நீளம் அகலம் உயரங்களை அளந்து, காகித அட்டையில் அதே அளவில் ஒரு போலிப் பெட்டி செய்து அங்கே வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகே கடைக்குப் போவது என்ற ஒழுங்கை வாசகர் கைக்கொள்வாராயின், இந்த அத்தியாயத்தின் மற்றப் பகுதிகளை அவர் பாதிக் கவனத்தோடு வாசித்தாலும் நஷ்டமில்லை.

இடத்தைத் தீர்மானிக்கும்போது முதலில் எண்ண வேண்டியது உஷ்ணம். ஆம்ப்ளிஃபையர் என்பது பாட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கி, அதில் ஒரு பங்கைச் சங்கீதமாகவும் மறுபங்கை உஷ்ணமாகவும் செலவிடும் கருவி. பழைய ஏ.பி. வகை ஆம்ப் ஸ்பீக்கர்களுக்கு முழுவேகத்தில் 300 வாட் கொடுக்க வேண்டுமானால், ஏறக்குறைய 500 வாட் உள்ளே வாங்கும். மிச்சமுள்ள 200 வாட்டும் அதன் அலுமினிய உடம்பைச் சுடவைக்கவே போகும். டி வகையைச் சேர்ந்த புதிய ஆம்ப் அதே வேலைக்கு 350 வாட் அளவே வாங்கி, 50 வாட் அளவே உஷ்ணமாக விடும். சங்கீதம் எப்போதும் முழுவேகத்தில் ஒலிப்பதில்லை என்பது மெய்தான். ஆனாலும் இரண்டு வகைகளுக்கும் உள்ள தாரதம்மியம், இடத்தைத் தேரும்போது மிகவும் பிரதானமானது. ஏ.பி. வகைக்குக் காற்றோட்டமுள்ள திறந்த இடம் கட்டாயம். டி வகையைச் சற்று அடைபட்ட இடத்திலும் வைக்கலாம். இதனால்தான், இடம் குறைந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் வகையைப் பற்றி நான் தர்க்கமே செய்வதில்லை. டி வகையை வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஸௌவர்லாந்து மலைப்பகுதியிலுள்ள ஷ்மாலன்பெர்க் ஊரில் மாட்ச், ஹெலிக்ஸ் என்னும் பெயர்களில் ஆம்ப்கள் செய்யும் ஆடியோடெக் ஃபிஷர் கம்பெனி, குறிப்பிட்ட கார்களின் வயர் முனைகளுக்கே பொருந்துமாறு சிறிய பெட்டிகளைச் செய்து விற்கிறது. அவற்றில் சில, ஒரு நடுத்தரப் புத்தகத்தின் அளவே இருக்கும்.

நாம் வண்டி ஓட்டும் ஜெர்மனி குளிர்தேசமாயிற்றே, உஷ்ணத்திற்கு இத்தனை பயம் வேண்டுமா என்று கேட்பவர்கள், ரைன் நதிப் பள்ளத்தாக்கில் ஜூலை மாதத்து மத்தியானம் முழுவதும் வெயிலில் நின்ற கறுப்பு நிறக் காரின் டிக்கியைத் திறந்து ஒருமுறை கையை உள்ளே நீட்டிப் பார்க்கட்டும். ஏற்கெனவே சூடேறிய அறையில் ஆம்ப் தன் உஷ்ணத்தை யாரிடம் கொடுக்கும்? உள்ளேயிருக்கும் காவல் அமைப்பு, சங்கீதத்தை நடுவில் நிறுத்திவிடும். ஆறின பிறகு மறுபடி பாடும். பாட்டு அடிக்கடி நின்று நின்று வருகிறதென்று வயரையும் ரேடியோவையும் சந்தேகிப்பவர்களில் பலருக்கு, உண்மையான காரணம் பெட்டியைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் வெற்றிடம் விடாததே. ஆம்பின் முதுகிலுள்ள வரிவரியான அலுமினியத் தகடுகள் செங்குத்தாக நிற்குமாறு பெட்டியைச் சுவரோடு நிறுத்தினால், சூடான காற்று அந்த வரிகளின் வழியே தானாக மேலேறிப் போகும். மல்லாந்து படுக்க வைத்தாலும் பாதகமில்லை. ஆனால் கவிழ்த்துத் தொங்கவிடுவது மட்டும் கூடாது. அப்போது சூடு போக வழியின்றி உள்ளேயுள்ள சில்லுகளிடமே தங்கிவிடும். செடான் கார்களில் பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டின் அடிப்புறத்தில் ஆம்பைத் தொங்கவிடும் வழக்கத்தை நான் விரும்பாததற்கு இது ஒரு காரணம். வெயில் நேரே விழுந்து காயும் தகடு அது என்பது இன்னொரு காரணம்.

உஷ்ணத்திற்கு அடுத்த சத்துரு ஜலம். இது மழையாக வருவதைக் காட்டிலும் செருப்பின் வழியாக வருவதே அதிகம். நவம்பர் முதல் மார்ச் வரை, பனியும் சாலையில் தூவிய உப்பும் கலந்த சேற்றைப் பாதரட்சைகளின் அடியில் ஏந்திக்கொண்டு பிரயாணிகள் ஏறுகிறார்கள். ஹீட்டர் போட்டவுடன் அது உருகிக் கம்பளத்தில் ஊறி, தாழ்ந்த பக்கம் பார்த்து ஓடுகிறது. உப்புநீர் பட்ட செம்பு முனை பச்சை பிடித்துப் போவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. ஆகவே கீழே, தரையோடு தரையாக, எங்கே வைப்பதானாலும் கம்பளத்தின்மேல் நேராக வைக்காமல், ஒரு அங்குலமாவது உயர்த்தி வைப்பது அவசியம்.

இனி இடங்களைப் பார்ப்போம். நகரத்தில் ஓடும் சாதாரணக் கார் ஒன்றுக்கு, முன் பயணியின் ஆசனத்திற்கு அடியே சிறந்த இடம் என்பது என் அபிப்பிராயம். ரேடியோ அங்கிருந்து ஓரெட்டுத் தூரம்; முன் கதவுகளின் ஸ்பீக்கர்களும் அருகிலேயே இருக்கின்றன; டிக்கி முழுவதும் சாமானுக்கு மிஞ்சுகிறது; திருடனின் கண்ணிலும் படாது. ஆனால் சௌகரியம் மிகுந்த இந்த இடத்தில் சோதிக்க வேண்டியவையும் மிகுதி. ஆசனத்தை மிகவும் தாழ்த்தி, பாரமான ஒருவரை அதில் உட்காரவைத்து, முன்னும் பின்னும் கடைசிவரை நகர்த்திப் பார்த்து, அந்நிலையில் எஞ்சும் உயரத்தையே அளக்க வேண்டும். காலி ஆசனத்தின் அடியில் அளந்த உயரம் வெறும் தோற்றம். பல கார்களில் மெய்யாக எஞ்சும் உயரம் ஆறு, ஏழு சென்டிமீட்டருக்கு மேல் தேறாது. பின்வரிசைப் பயணிகளின் கால்களுக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய் அநேகமாக இந்த ஆசனத்தின் அடியில்தான் வாய் திறக்கிறது. அந்த வாய்க்கு நேராக ஆம்பை வைத்தால், குளிர்காலம் முழுவதும் ஹீட்டரும் ஆம்பும் ஒன்றையொன்று சூடேற்றிக்கொண்டிருக்கும். 2005-இல் வெளிவந்த மூன்றாம் வரிசைக் கார் உட்பட, பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் தங்கள் வண்டிகள் பலவற்றில் இரு முன் ஆசனங்களின் அடியிலும் பாஸ் ஸ்பீக்கர்களையே புதைத்துவிட்டார்கள். அவ்வண்டிகளில் இந்த இடத்தைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

ஆசனத்தின் அடியில் மஞ்சள் நிற வயர் முனை கண்ணில் பட்டால், கையை எடுத்துவிட வேண்டும். அது ஏர்பேக்கையோ, விபத்தில் இடுப்புப் பட்டையை இழுத்துப் பிடிக்கும் கருவியையோ சேர்ந்தது. இவை இரண்டும் சிறு வெடியினால் இயங்குபவை. ஜெர்மானியச் சட்டமும் இவற்றை வெடிபொருளாகவே பாவித்து, இவற்றில் கைவைக்கும் உரிமையைப் பயிற்சிச் சான்று பெற்ற தொழிலாளிகளுக்கே அளிக்கிறது. ஆசனத்தைக் கழற்றாமல் ஆம்பை நுழைக்க முடியாதென்றால், அந்த ஒரு வேலையை மட்டுமாவது பட்டறையாரிடம் ஒப்படைப்பதே விவேகம். கழற்றாமலே நுழைக்க முடியுமானாலும், ஆசனம் நகரும்போது அந்த மஞ்சள் வயர் ஆம்பின் மூலையில் சிக்குகிறதா என்று பார்க்காமல் வேலையை முடிக்கலாகாது.

அடுத்தபடியாக எல்லோர் மனமும் போகும் இடம் டிக்கி. அகலமான இடம், எளிதில் கை எட்டும் இடம், பெரிய ஆம்புக்கும் சப்வூஃபருக்கும் ஒருங்கே இடம் கொடுக்கும் இடம், எல்லாம் சரி. ஆனால் ஜெர்மனியிலுள்ள நம்மவர் டிக்கி எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். தமிழ்க் கடையிலிருந்து இருபது கிலோ அரிசி மூட்டை அதில்தான் வருகிறது; காலிப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு, முன்பணத்தைத் திரும்பப் பெறச் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவதும் அதில்தான். ஹம் நகரத்தின் ஊன்ட்ரோப் பகுதியிலே, 2002-இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் கோவிலின் தேர்த் திருவிழாவுக்கு ஜெர்மனியின் நாலா திசைகளிலிருந்தும், பிரான்ஸ் நெதர்லாந்து முதலிய அண்டை நாடுகளிலிருந்தும் ஏ2 நெடுஞ்சாலையைப் பிடித்து வரும் குடும்பங்களின் கார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேங்காய், பழத்தட்டு, பாட்டியின் சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, கட்டுச்சாதப் பாத்திரம் ஆகிய அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாய் டிக்கியில் கிடக்கும். அந்தக் குவியலின் அடியில், தரையின் நடுவே திருகி வைத்த ஆம்ப்ளிஃபையர் எத்தனை நாள் பிழைக்கும்? பாரம் விழுந்து நசுங்காவிட்டாலும், போர்வை மூடி மூச்சுத் திணறிப் போகும். டிக்கியின் தரையை, தனியாக வாழும் வாலிபர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடலாம். குடும்பஸ்தர்களுக்கு அது உதவாது.

சட்டத்தின் சம்பந்தமும் இங்கே ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஒவ்வொரு காரிலும் முதலுதவிப் பெட்டியும், எச்சரிக்கை முக்கோணமும், 2014 ஜூலை முதல் ஒளிரும் மேலங்கி ஒன்றும் இருந்தாக வேண்டும். இம்மூன்றும் அநேகமாக டிக்கியின் பக்கவாட்டிலோ, தரைப் பலகையின் அடியிலோ வைக்கப்பட்டிருக்கும். நடு ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றுபோகும் சமயத்தில், ஆம்ப் பலகையின் நான்கு திருகுகளைக் கழற்றினால்தான் முக்கோணம் கைக்கு வரும் என்ற நிலைமையை எவரும் தமக்கு உண்டாக்கிக்கொள்ளக் கூடாது.

தரையைக் காட்டிலும் டிக்கியின் பக்கச் சுவர் பன்மடங்கு மேலானது. பெரிய ஆம்ப் வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு நான் காட்டும் இடமும் அதுவே. பக்கவாட்டு உறையை நீக்கிப் பார்த்தால், சக்கர வளைவுக்குப் பின்னே பல வண்டிகளில் நல்ல ஒரு குழிவு இருக்கும். முன்னாளில் சீ.டி. சேஞ்சர் வைப்பதற்காக விட்ட இடமாகவும் அது இருக்கலாம். கம்பெனியே விலையுயர்ந்த ஒலி அமைப்போடு விற்கும் வண்டிகளில் தன் ஆம்பை வைக்கும் இடமாகவும் இருக்கலாம். பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசைக் கார்களின் சில தலைமுறைகளில், டிக்கியின் இடப்புறம் கம்பெனி ஆம்பும், வலப்புறம் பாட்டரியும் அமைந்திருப்பதால், பாட்டரிக்கும் ஆம்புக்கும் இடையே இரண்டு மீட்டர் வயர் போதும். வண்டிக்குள் வந்த காற்று வெளியேறுவதற்கான மடிப்புக் கதவுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கங்களில்தான், பம்பருக்குப் பின்னால், இருக்கின்றன. ஆகவே இங்கே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கம்பெனி இஞ்சினியர்கள் உஷ்ணத்தையும் ஜலத்தையும் கணக்கிட்டு ஒரு இடத்தைத் தேர்ந்திருக்கும்போது, அதை வெல்லும் இடத்தை நாம் ஒரு சனிக்கிழமை மாலையில் கண்டுபிடித்துவிடுவோம் என்று நினைப்பது கொஞ்சம் அகங்காரமே. ஆனால் அம்மாதிரி வண்டியில் ஏற்கெனவே கம்பெனி ஆம்ப் இருக்குமானால், அதற்கு ரேடியோவிலிருந்து வருவது செம்பு வயரா, ஒளி செல்லும் பிளாஸ்டிக் இழையா என்று முதலில் பார்க்க வேண்டும்; இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் உயர்ந்த ரக ஜெர்மன் கார்களில் ஒளியிழை வளையம் புகுந்துவிட்டது. அந்த இழையைக் கூர்மையாக மடக்கினால் வண்டியின் ரேடியோ, டெலிபோன், திரை எல்லாம் ஒருங்கே மௌனமாகிவிடும்.

ஸ்டெப்னிச் சக்கரம் இருந்த குழியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இப்போதைய கார்களில் மாற்றுச் சக்கரத்துக்குப் பதிலாகப் பஞ்சர் அடைக்கும் மருந்துப் போத்தலும் சிறு பம்பும் கொடுத்துவிடுவதால், குழி காலியாகக் கிடந்து ஆசையைத் தூண்டுகிறது. எனக்கு இந்த இடத்தில் நம்பிக்கை குறைவு. வண்டியின் பின்பாகத்தில் மிகத் தாழ்ந்த ஸ்தானம் அதுதான். பின்விளக்கின் ரப்பர் தேய்ந்தாலும், மூன்றாவது பிரேக் விளக்கின் ஓரம் விரிந்தாலும், மேற்கூரைச் சன்னலின் வடிகுழாய் இலைச்சருகால் அடைபட்டாலும், உள்ளே வரும் நீரெல்லாம் கடைசியில் அங்கேதான் சேர்கிறது. விடாமல் இரண்டு மூன்று நாள் மழை பெய்த பிறகு குழியின் கம்பளத்தைத் தூக்கி, அடியில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடாகப் படிந்த உப்போ, ஓரத்தில் துருவோ தென்பட்டால், அந்த எண்ணத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும். சில டீசல் வண்டிகளில் ஆட்புளூ தொட்டி அங்கே இருக்கும். எல்.பி.ஜி. காஸுக்கு மாற்றிய வண்டிகளில் வளைய வடிவமான காஸ் தொட்டியே அங்கே இருக்கும். அந்தக் காஸ் காற்றைவிடக் கனமானதாகையால் கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதன் அருகே மின்சார முனைகளைக் கொண்டுபோவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குழி உலர்ந்தது, காலியானது என்று நிச்சயமானால், டி வகை ஆம்பை இரண்டு அங்குலம் உயர்த்தி, மேலே மூடும் பலகையில் காற்று வர ஒரு துளை, போக ஒரு துளை வைத்து, சிறு விசிறி ஒன்றும் பொருத்தி, அங்கே வைக்கலாம்.

மற்ற இடங்களை விரைவாகத் தள்ளிவிடலாம். சப்வூஃபர் பெட்டியின் மேலேயே ஆம்பைத் திருகி வைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் பெட்டியின் இடையறாத அதிர்ச்சி முதலில் திருகுகளையும், பிறகு உள்ளேயுள்ள ஈயப் பற்றுகளையும் தளர்த்திவிடும். பின்னாசனத்தின் முதுகில் பொருத்தினால், ஆசனத்தை மடக்கும் ஒவ்வொரு முறையும் வயர்கள் மடிந்து நைந்துபோகும். பானெட்டின் கீழே இஞ்சின் அறையில் வைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடாது.

தூரத்தைப் பற்றி மக்களிடையே ஒரு வீண்பயம் இருக்கிறது. பாட்டரி முன்னாலும் ஆம்ப் பின்னாலும் இருந்தால் சக்தியெல்லாம் வழியிலேயே போய்விடும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன ஏ.பி. வகை ஆம்ப் முழுவேகத்தில் வாங்கும் 500 வாட், வண்டி ஓடும்போதுள்ள 14 வோல்ட்டில் ஏறக்குறைய 36 ஆம்பியர் ஆகும். 16 சதுர மி.மீ. தடிப்புள்ள செம்பு வயர் ஐந்து மீட்டர் போனால், வழியில் இழப்பது 0.2 வோல்ட், 10 சதுர மி.மீ. வயரானால் 0.3 வோல்ட்டுக்குச் சற்று மேல். இதைக் காது கண்டுபிடிக்காது. அவ்வாறே 2.5 சதுர மி.மீ. ஸ்பீக்கர் வயர் ஆறு மீட்டர் போய்வந்தாலும், நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு எதிரே அதன் தடை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆகையால் தூரத்துக்குப் பயந்து, ஈரமும் சூடுமுள்ள அருகிடத்தைத் தேர்வது புத்திசாலித்தனம் அன்று. வயர் வாங்கும்போது செம்பா, செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குவதுதான் காரியம். இரண்டாவது வகையில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

ஜெர்மன் வண்டிகளின் மின்வரைபடங்களில் முனைகளுக்கு எண்கள் உண்டு: எந்நேரமும் உயிருள்ள பிளஸ் முனை 30, மைனஸ் முனை 31, சாவி திருப்பினால் உயிர்பெறுவது 15. ஆம்புக்கு வேண்டிய பிளஸ் 30-லிருந்து வர வேண்டும். பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்ளேயே பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் ஆம்பைக் காப்பதற்கன்று. வண்டியின் இரும்பில் உரசி வயர் அறுபட்டால் வண்டி எரியாமல் காப்பதற்கு. எர்த் வயரை, பாட்டரி பக்கத்திலேயே இருந்தாலும், அதன் மைனஸ் முனையில் நேராக மாட்டுவது புதிய வண்டிகளில் தவறு. அம்முனையில் அமர்ந்திருக்கும் சிறு சென்சார், போகும் வரும் மின்சாரத்தை எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி மாட்டினால் அதன் கணக்கில் ஆம்ப் சேராது. கம்பெனி வைத்த எர்த் ஆணிகளில் ஒன்றை, ஆம்பிலிருந்து அரை மீட்டருக்குள் இருப்பதாகத் தேடி, பெயின்ட்டைச் சுரண்டி மாட்ட வேண்டும். அப்படி ஒன்று அருகே இல்லாத இடம், மற்ற எல்லாம் பொருந்தினாலும், இரண்டாந்தர இடமே. ஆசனப் பட்டையின் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்துவோரைக் கண்டால் தடுக்க வேண்டும். ரேடியோவிலிருந்து சங்கீதத்தை ஆம்புக்குக் கொண்டுவரும் சிஞ்ச் கேபிளைப் பாட்டரி வயர் போகாத மறுபக்க வாசற்படியின் கீழே கொண்டுபோக வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சப்தம் கேட்டால், பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி அந்தக் கேபிள் அல்ல, சுரண்டாத பெயின்ட்டின்மேல் மாட்டிய எர்த்தே.

இடம் நிச்சயமான பிறகு, ஆம்பை நேராக வண்டியின் தகட்டில் திருகிவிடத் தோன்றும். தகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறதென்று வண்டியின் அடியில் குனிந்து பார்க்காமல் டிரில்லைத் தொடக்கூடாது. பெரும்பாலான கார்களில் பெட்ரோல் தொட்டி பின்னாசனத்தின் அடியில் இருக்கிறது. பிரேக் குழாய்கள் தரையை ஒட்டி ஓடுகின்றன. ஹைப்ரிட் வண்டிகளிலும் மின்சார வண்டிகளிலும் ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் வோல்ட்டேஜ் கேபிள் போகிறது. அது உயிரைப் போக்கக்கூடியது. அடியில் பார்க்க வசதியில்லாதவர்கள், மணிக்கணக்கில் வாடகைக்கு லிஃப்டும் கருவிகளும் கொடுக்கும் மீட்வெர்க்ஷ்டாட் பட்டறைகளை நாடலாம். அப்படிப்பட்டவை பல நகரங்களில் இருக்கின்றன. குடியிருப்பின் முற்றத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், டிரில்லை ஓட்டி அயலாரின் விரோதத்தைச் சம்பாதிப்பதைக் காட்டிலும் அந்த வாடகை லாபமானது.

துளையே போடாமல் வேலையை முடிப்பது இன்னும் உத்தமம். ஓபி, ஹோர்ன்பாக் போன்ற கட்டடச் சாமான் கடைகளில் சொன்ன அளவில் பலகை அறுத்துக் கொடுப்பார்கள். 12 மி.மீ. ஒட்டுப்பலகையை இடத்துக்குத் தக அறுத்து வாங்கி, வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் இரண்டு மூன்றைப் பிடித்து அப்பலகையை இறுக்கி, ஆம்பைப் பலகையின்மேல் திருகிவிட்டால், பலகை மின்காப்பாகவும் ஆகிறது, தகடும் பழுதாகவில்லை. லீசிங்கில் வண்டி எடுத்தவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை. மூன்று வருஷம் கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு துளைக்கும் லீசிங் கம்பெனியார் விலை சொல்லுவார்கள். பிசின் நாடாவும் வெல்க்ரோவும் போதுமென்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய வண்டி அரை மீட்டருக்குள் நின்றுபோனால், உள்ளே உள்ள ஒவ்வொரு பொருளும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய இருபது மடங்கு கனக்கும். ஐந்து கிலோ ஆம்ப் நூறு கிலோவாகி முன்னே பாயப் பார்க்கும். ஜெர்மானியப் போக்குவரத்து விதிகளும், முழுப் பிரேக் போட்டாலும் வண்டியிலுள்ள பாரம் நகரக்கூடாதென்றே கூறுகின்றன. அதே விதிகளின் 23-ஆம் பிரிவு, கருவிகளால் தன் காது மந்தமாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஓட்டுநர்மேல் சுமத்தியிருக்கிறது. ஆம்புலன்ஸின் சங்கு கேட்கும் அளவுக்கு மேல் சப்தத்தை ஏற்றுவதற்கு எந்த இடத்தில் வைத்த ஆம்பும் அனுமதிச் சீட்டு ஆகாது.

பொருத்தி முடித்த பிறகு, கழற்றிய உறைகளை மாட்டுவதற்கு முன்பே, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம், வழக்கமாகக் கேட்கும் சப்தத்தில், வழக்கமான சாமானோடும் ஆட்களோடும் போய்வர வேண்டும். வந்து நின்றவுடன் ஆம்பின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் இடம் சரி. முடியாமல் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால், உறையை மாட்டிய பிறகு அது இன்னும் மோசமாகும் என்று அறிந்து, விசிறி வைப்பதா, இடத்தை மாற்றுவதா என்பதை அப்போதே தீர்மானிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகுகளையும், முக்கியமாக எர்த் ஆணியையும், மறுபடி ஒருமுறை முடுக்க வேண்டும். பியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர் என்பதைச் சிறு காகிதத்தில் எழுதி, வண்டியின் கையேட்டிலேயே வைத்துவிடலாம். பின்னால் வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அதற்காக நம்மை வாழ்த்துவார்.